ஆஸ்பத்திரி ரோட்டில் நீல டிரம்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைச் 'சண்டைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சொந்தப் பெயர் போலத் திரும்பிப் பார்ப்பாள். துவைக்கும் மெஷின் கெட்டுப்போனால், அதைச் சரிசெய்ய ஆள் வரும்வரை மேலதிகாரியின் அறை வாசலில் ஈரத்துணிக் கூடைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிடுகிற ரகம்.

தொற்று பரவி பஸ்கள் நின்றன. ஊர் வீட்டுக்குள் அடைந்தது. நோயாளிகளின் விரிப்புகள் மட்டும் மலைமலையாக வந்துகொண்டிருந்தன. தையல்காரரான கணவரின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். அதே ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கும் நாத்தனாருக்குச் சைக்கிள் வராது. அவள் நடந்தே போனாள்.

நடைபாதையோ, எதிரே ஆள் வந்தால் தோள் உரசும் அகலம். அதிலும் பாதியை மருந்துக்கடைக்கு நின்றவர்களின் வரிசை பிடித்துக்கொண்டது. 'தள்ளி நட' என்று ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தியது. தள்ளி நடக்க ரோட்டில்தான் இறங்க வேண்டும். ரோடு காலியாகக் கிடந்ததால் கார்க்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா, கண்மண் தெரியாமல் பறந்தார்கள். ஒரு காலை, இருமிக்கொண்டு வந்த ஒருவருக்கு வழிவிட்டு இறங்கிய நாத்தனாரை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. கால் முறிந்தது.

"தப்பு என்மேலதான் அண்ணி. நான் ரோட்டுல இறங்கியிருக்கக் கூடாது" என்றாள், மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவள்.

இடித்த காரைவிட இந்தப் பேச்சுதான் சண்டைக்காரியின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. "காலையும் உடைச்சுக்கிட்டு மன்னிப்பும் கேக்கறியா? வாயை மூடிட்டுப் படு."

சலவைக்கூடத்தின் பின்புறம் பிளீச் வந்த நீல டிரம்கள் காலியாகக் குவிந்து கிடந்தன. மறுநாள் வேலை முடிந்ததும் அவற்றை உருட்டிக்கொண்டுபோய், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பாலம்வரை ரோட்டோரமாக நிறுத்தித் தண்ணீர் நிரப்பினாள். டிரம்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே, இரண்டு சைக்கிள் ஒன்றாகப் போகும் அகலத்துக்கு ஒரு பாதை. நர்சுகள் கைகொடுத்தார்கள். கணவர் சிவப்புத் துணியில் கொடிகள் தைத்துக் கொண்டுவந்தார்.

"போலீஸ் வந்தா நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றார்.

"வீட்லயும் அப்படித்தானே இருக்கீங்க? கொடியைக் கட்டுங்க."

இரண்டாம் நாள் நகராட்சி லாரி வந்து டிரம்களை அள்ளிப் போனது. அவள் கூடத்தின் பின்னால் மிச்சம் இருந்தவற்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். லாரி மறுபடி வந்தபோது ஒரு டிரம்மின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"யாரைக் கேட்டும்மா ரோட்டை மறிச்சீங்க?" என்றார் லாரியோடு வந்த இன்ஜினியர்.

"பாதி ரோடு இன்னும் கார்களுக்குத்தான் சார் இருக்கு. என் நாத்தனாரை இடிச்சவன் யாரைக் கேட்டு இடிச்சான்?"

"அது விபத்து."

"இது விபத்து நடக்காம இருக்க. எடுத்தே ஆகணும்னா என்னையும் சேத்துத் தூக்கி லாரில போடுங்க."

அது வேலை மாறும் நேரம். வந்தவர்களும் போகிறவர்களும் டிரம்களுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். விதிப்படி இடைவெளி விட்டு நின்றதால் கொஞ்சம் பேரே பாலம்வரை நீண்டுவிட்டார்கள். இன்ஜினியர் வரிசையைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று லாரியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த மாதம் நகராட்சியே பாலத்தைத் தாண்டிச் சந்தைவரை கம்பங்கள் நட்டு, மஞ்சள் கோடு போட்டு, எல்லாம் தன் யோசனை என்று பலகையும் வைத்தது. "பேரு அவங்களுக்கு இருக்கட்டும், பாதை நமக்கு இருந்தா போதும்" என்றாள் அவள்.

தொற்று அடங்கியதும் கடைக்காரர்கள் கார் நிறுத்த இடம் கேட்டார்கள். அது பற்றிய கூட்டத்துக்கு இவளும் போனாள்.

"நோய்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு அது?" என்றார் கடைக்காரர் சங்கத் தலைவர்.

"நோய் போயிடுச்சு. கார் போகலையே சார். எங்களுக்குக் காலும் மறுபடி முளைக்காது." அவள் பக்கத்தில் நாத்தனார் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் அந்த ஊன்றுகோலிலேயே நின்றது.

பாதி வெற்றிதான். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிவரை, பாதை நிலைத்தது; அந்தப் பக்கம் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். சண்டைக்காரியின் வீடு அந்தப் பக்கம். பாலம் தாண்டியதும் அவள் ஓரம் ஒதுங்குவதில்லை. நடுரோட்டில் நிதானமாகச் சைக்கிளை மிதிக்கிறாள். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும் என்று போய்க்கொண்டே இருக்கிறாள்.