கரி பஸ்ஸும் லூர்து அக்காவும்

கரி பஸ் வருவதற்கு முன்பே அதன் புகை நாற்றம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்...

இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. பின்னால் ஒரு உருளையில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில்தான் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பஸ் ஓடியது. என் அக்கா லூர்துமேரிக்கு உலகத்தில் பிடித்தது அது ஒன்றுதான். சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவாள். அதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள்.

சொந்தக்காரர்கள் 'திமிர்' என்றார்கள். ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வந்த வரனெல்லாம் அவள் பேச்சாலேயே தட்டிப்போனது. பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து கரி பஸ் டிரைவர் ஒருவர் பெண் பார்க்க வந்த அன்று பெரியப்பா எச்சரித்தார்: "இதுவும் போச்சுன்னா உன்ன கன்னியர் மடத்துலதான் உடணும். நான் சொல்ற வரைக்கும் வாய தெறக்காத!"

சொல்லிவிட்டு சோடா வாங்கப் போய்விட்டார்.

அக்கா தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இன்னா அடக்கம்! உன் பேரு இன்னாம்மா?"

அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லு தாயி," என்று நைனா கெஞ்சினார். அக்கா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஊமப் பொண்ண எங்க தலயில கட்டப் பாக்கறீங்களா?" அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

சோடாவோடு உள்ளே வந்த பெரியப்பா அலறினார்: "அடியே, பேசித் தொலையேன்!"

"பேரு லூர்துமேரி. பெரியப்பா சொல்ற வரைக்கும் பேசக்கூடாதுன்னாரு. இப்பதான் சொன்னாரு." மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பார்த்து அதே மூச்சில் கேட்டாள்: "உங்க பஸ்ஸு மேடு ஏறும்போது இருமுதே, கரி ஈரமா?"

அவர் சிரித்துவிட்டார். "ஈரந்தான். நானும் சொல்லிப் பாத்துட்டேன். யாரு கேக்குறா?"

"நான் கேக்கறேன். சொல்லுங்க."

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, குந்தும்மா," என்றார்.

தன் சாமர்த்தியத்தால் முடிந்த கல்யாணம் என்று பெரியப்பா சாகும்வரை சொல்லித் திரிந்தார்!

போன மாதம் என் பேரனைப் பார்த்த மெட்ராஸ் டாக்டர், 'ஆஸ்பெர்கர்' என்றார். வியாதி இல்லையாம், மனத்தின் அமைப்பே அப்படியாம். அடையாளங்களை அவர் சொல்லச் சொல்ல மருமகள் அழுதாள். எனக்கோ அக்காவை நேரில் பார்ப்பதுபோல் சிரிப்பு வந்தது.

என் பங்கு நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவர்கள் எல்லாம் என் கண்ணைப் பார்த்துப் பேசியவர்கள்தான். பொத்தானைப் பார்த்துப் பேசிய அக்கா ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

நேற்று பேரனிடம் கரி பஸ் கதையை ஆரம்பித்தேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டான்...

இன்னும் முடிக்க விடவில்லை.