சக்கரத்தடியில் ஒரு கல்

முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஆனாலும் என் பழைய ஆறு சிலிண்டர் காரை விற்க மனமில்லாமல், அந்த இன்ஜினுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தினோம்.

"கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆவாம தடுக்க ஒரு ஸ்விட்ச் இருக்குங்க. அந்த ஒயரையும் மாட்டிக் குடுத்துடறேன், இருங்க" என்றார் மெக்கானிக்.

"அப்புறம் பாத்துக்கலாம்பா" என்று நான்தான் ஜல்தியாகக் கிளம்பிவிட்டேன். வீட்டில், பல வருடப் பழக்கத்தில் கியரிலேயே போட்டு நிறுத்தினேன்.

மறுநாள் காலை, எங்கள் ஆரணித் தெருவில் தறிக்கான பட்டுப்பாவை நீளமாக இழுத்துக் கட்டி நாலு பேர் இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும், கார் அவர்களை நோக்கித் துள்ளியது. என் கால் பிரேக்கைத் தேடியது. அதற்குள் எதிலோ முட்டி இன்ஜின் அணைந்தது.

இறங்கிப் பார்த்தால், முன் சக்கரத்தடியில் கல். ஹேண்ட்பிரேக் சரியில்லை என்று என் மனைவி தினமும் வைப்பது. வாசலில் எதற்கு இந்தக் குப்பை என்று நான் தினமும் திட்டுவது.

"இன்னிக்கும் திட்டுவீங்களா?" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்றைக்கே அந்த ஸ்விட்ச் ஒயரை மாட்டியாயிற்று. லீவர் 'பார்க்'கில் இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை. கல்லையும் விடவில்லை. இப்போது அதை வைப்பது நான்.