பதினோரு நொடிக் காஜா

அந்த ஆஸ்திரேலியக் காதல் படம் வெளிவர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் நாற்பது பெண்கள் அதற்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். படத்தின் நாயகி போட்டு வரும் கோட்டைத் தைத்தது அவர்கள்தான். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டது கோட்டைப் பற்றியல்ல, காதலைப் பற்றி. ஆட்டுப் பண்ணைக்காரன் ஒருவன் ஒரு கடிதம்கூடப் போடாமல் நான்கு வருடம் காணாமல் போவானாம். நாயகி அதே கோட்டோடு தினமும் ரயில் நிலையத்தில் நிற்பாளாம்.

"நாலு வருஷம் வாய் திறக்காதவனுக்காக எதுக்குடி நிக்கணும்? வந்த வண்டியில ஏறிப் போயிருக்கலாம்ல" என்றாள் நொட்டாங்கை அக்கா.

"காதலைப் பத்தி உனக்கு என்னக்கா தெரியும்?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. இன்னும் தெரியலைன்னா அது என் தப்பு இல்ல."

உண்மையில் அந்தப் படத்துக்காக அவளைவிட ஆவலாகக் காத்திருந்தவர் எவரும் இல்லை. மகள் கைபேசியில் முன்னோட்டத்தைக் காட்டிய அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. பதினோரு நொடி, திரை முழுக்க ஒரு பட்டன். அதைச் சுற்றி நூல் முடிச்சால் கட்டிய காஜா. முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. ஆலையில் கையால் காஜா போடுகிறவர்கள் ஐந்து பேர். நால்வர் போட்டால் முடிச்சு வலப்பக்கம் சாயும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு ஆர்டர் திரும்பி வந்தது. பட்டனில் சாயம் போயிருந்தது. சூப்பர்வைசர் மூன்று நாள் மூளையைக் கசக்கிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்: முதல் காஜாவை இடது கைக்காரியான அக்கா போட்டிருந்தாள். மறுநாளே சுவரில் ஒரு தாள் ஒட்டினார். 'புது ஆர்டரை இடது கையால் தொடக் கூடாது.' இரண்டு பட்டம் வாங்கியவர் அவர். சாயத்துக்கும் கைக்கும் என்ன உறவு என்று அவரிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து அவளுக்குக் கிடைத்தது பழுதுத் துணியும் 'நொட்டாங்கை' என்ற பட்டப்பெயரும்.

படத்துக்காகப் பன்னிரண்டு கோட்டு தைத்தபோது நால்வரில் இருவருக்குக் காய்ச்சல். கெடு நெருங்கிவிட்டதால் கடைசிக் கோட்டை மட்டும் சூப்பர்வைசர் அவள் மேசையில் போட்டார். "யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்றார். அவசரம் வந்தால் அபசகுனம் லீவு எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. முன்னோட்டம் வந்ததும் அந்தக் காட்சியைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறையில் மாட்டினார். முதலாளியிடம் அதைத் தன் நேரடிப் பயிற்சியின் பலன் என்றார்.

படம் வருவதற்குள் அது யார் கை வேலை என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படக்கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விளம்பரத்துக்காக, திரையில் தெரியும் அதே காஜாவோடு இன்னும் இரண்டு கோட்டு வேண்டும். நால்வரும் மாறி மாறிப் போட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்தே, இது அந்தக் கை இல்லை என்று கம்பெனி மறுத்துவிட்டது.

சூப்பர்வைசர் கோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் முடிச்சுக் கொடுத்துடு."

"புது ஆர்டராச்சே சார். என் கை படக் கூடாதே."

"பழசையெல்லாம் இப்ப ஏம்மா கிளறுற?"

"பழசா? அந்தா, சுவர்ல இருக்கு பாருங்க."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"சரி, நாளைக்கு எடுத்துடறேன்."

"நாளைக்கு எடுத்தா நாளைக்குத் தைக்கிறேன்."

அவர் சுவருக்குப் போனார். வலது கையில் கோட்டு இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் இடது கை நகத்தால் தாளைச் சுரண்டினார். எட்டு வருடப் பசை. லேசில் வரவில்லை.

"சார், பாத்து. நொட்டாங்கை" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

மாடியே சிரித்தது.

தாள் வந்ததும் அக்கா பேனாவை நீட்டினாள். "பின்பக்கம் சும்மாதான இருக்கு. படத்துல வர்ற காஜா யார் போட்டதுன்னு முதலாளிக்கு நாலு வரி எழுதுங்க. சத்தமா படிச்சுக்கிட்டே எழுதுங்க, இவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் எழுதினார். எழுத எழுதப் படித்தார். 'திரையில் தெரியும் காஜா இடது கையால் போடப்பட்டது' என்ற இடத்தில் இருமல் வந்தது. "கேக்கல சார்" என்றாள் அவள். மறுபடி படித்தார்.

அவர் படியிறங்கிப் போன பிறகு அவள் கோட்டை மடியில் போட்டு, இடது கையால் ஊசி கோத்தாள்.

"ரிலீசுக்கு எல்லாரும் சேர்ந்தே போலாம்க்கா" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"வரேன். அவ ஸ்டேஷன்ல நிக்கிற வரைக்கும் நான் தூங்கறேன். பட்டன் வந்தா எழுப்பு."