அடையாறில் துஷியை விட்டுவந்த நாள்

காலை 6.10. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, சுருட்டிய பாய், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, இவ்வளவோடும் நின்றுகொண்டிருந்தேன். பெண் என் மகள் இல்லை. இலங்கை அகதிகள் முகாமில் அடுத்த வீட்டுப் பிள்ளை துஷி. அடுத்த வீடு என்றால், அவள் இருமினால் நான் என் வீட்டில் படுத்தபடியே ‘தண்ணி குடி’ என்று சொல்கிற தூரம்.

அடையாறில் ஒரு நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் விடுதியில் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் அந்தக் கட்டில் வரிசையில் இருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை. முகாமிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரமா அது?

அவள் அம்மா ராணியக்கா வரவில்லை. முகாமில் அன்று கணக்கெடுப்பு நாள். குடும்பத் தலைவர் நேரில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதத்து உதவித்தொகை. கணவர் இல்லாததால் அக்காதான் தலைவர். “நீ பட்டணத்தில படிச்சனி, உனக்கு வழி தெரியும்” என்று என்னை அனுப்பிவிட்டார். நான் பட்டணத்தில் படித்தது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. படகில் வந்து இறங்கி, சாந்தோமில் ஒற்றை அறையில் மூன்று வருடம் இருந்தோம். பிறகு எங்களையும் முகாமுக்கு அனுப்பினார்கள். மீதிப் படிப்பெல்லாம் பழைய பத்திரிகைகளும் மனிதர் வாயும் சொல்லித் தந்ததுதான்.

சென்ட்ரல் வரை நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து இளஞ்சிவப்பு முகப்பு வைத்த பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் இரண்டு சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். எந்த நாட்டுப் பெண் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் என்னிடம் அகதி அட்டை கேட்காத இடங்கள் இரண்டு. ஒன்று இந்தப் பேருந்து, இன்னொன்று கோயில். கோட்டூர்புரத்தில் கண்ணாடி மாளிகையாக நின்ற நூலகத்தைத் துஷி கழுத்து திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

காலை 10.30. விடுதி. வாசலில் புங்கமரம், மாடியில் கொடி நிறையத் துணி. காப்பாளர் அம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு விதிகளை வாசித்தார். மாலை ஏழரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்களாம். பக்கத்தில் நின்ற பெண்கள் முகம் சுளித்தார்கள். துஷி என் காதருகே வந்து, “ஏழரை மட்டும் வெளியில நிக்க விடுவினமாம் அன்ரி” என்றாள். பரிசு விழுந்தவளின் குரல் அது. எங்கள் முகாமில் ஆறு மணிக்கே சாத்திவிடுவார்கள்.

அடுத்த விதியில்தான் இடறினோம். சென்னையில் வசிக்கும் ஒருவர் லோக்கல் கார்டியனாகக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுகிறேன் என்றேன். காப்பாளர் முடியாதென்று தலையசைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொண்ணுக்கு ராத்திரியில ஜுரம் வந்தா நான் யாரைக் கூப்பிடுறது? இந்த ஊர்ல ஒரு ஆள் வேணும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. இரவில் முகாமைவிட்டு வெளியே வர எனக்கே ஒருவர் அனுமதி தர வேண்டும். புங்கமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்து, சென்னையில் எனக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். சாந்தோம் வீட்டுக்காரர், அவர் காலமாகிவிட்டார். நடிகர்கள், அமைச்சர்கள், அவர்களுக்கு என்னைத் தெரியாது. அப்புறம், நொச்சிக்குப்பத்து ஸ்டெல்லா.

சாமானை விடுதி வாசலில் வைத்துவிட்டுத் துஷியோடு கிளம்பினேன். நொச்சிக்குப்பத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் ஊரைக் கேட்டார், சொன்னேன். திரு.வி.க. பாலம் ஏறும்போது ஆற்றைக் காட்டி, தானும் அகதிதான் என்றார். கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த குடிசையை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள்.

“வூடு நல்லாத்தான் கீது மா. பொண்ணுதான், பழைய ஸ்கூலு தூரமாப் பூட்சின்னு எட்டாவதோட நின்னுட்சி.”

நானும் எட்டோடு நின்றவள்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை இடம் பெயர்க்கிறவர்கள் வீட்டை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். அவளுடைய பெஞ்சையும் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியையும் யார் ஏற்றிக்கொண்டு வருவது?

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஸ்டெல்லா. அவள் மேல் மீன் வாடை என்று பிள்ளைகள் தள்ளி உட்காருவார்கள். நான் பேசினால் சிரிப்பார்கள். ஆக, கடைசி பெஞ்சு எங்கள் இருவருக்கும். ஒருநாள் டீச்சர், நான் நாட்டைவிட்டுப் படகில் தப்பி வந்த கதையை வகுப்புக்குச் சொன்னார். எல்லோரும் வாய் பிளந்து பார்க்க, ஸ்டெல்லா மட்டும், “எங்க நைனா தெனம் போட்லதான் வர்றாரு. நீங்க எவ்ளோ மீனு புடிச்சீங்க?” என்று கேட்டாள். அந்தக் கடலை நினைத்து நான் முதல் தடவையாகச் சிரித்தது அன்றுதான்.

மதியம் 1.15. முன்பு சாலையோரம் குடை விரித்து விற்றவர்களுக்கு இப்போது கூரை போட்ட மீன் அங்காடி. மூன்றாவது ஆளிடம் கேட்டதுமே கையைக் காட்டினார்கள். தலை நரைத்த, தோள் அகன்ற ஒருத்தி மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். வஞ்சிரமா சங்கராவா என்று நிமிராமலே கேட்டாள். ஆறாம் வகுப்பு, கடைசி பெஞ்சு என்றேன். கத்தி நின்றது.

“படகு?” என்றாள். என் பட்டப்பெயர். “எங்கடி போய்க்கினு இருந்த முப்பது வருசமா?”

ஐம்பது கிலோமீட்டரில்தான் என்றேன். அதற்கு அவள் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது.

வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. கையெழுத்துப் போட்டால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்களா என்று கேட்டாள். கூப்பிட்டாலும் கூப்பிடலாம் என்றேன். அவளிடம் போய்ப் பொய் சொல்வதா? மறுபடியும் மீனை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தாள். இரண்டு பேர் வந்து மீன் வாங்கிப் போனார்கள். மணி இரண்டு தாண்டியது. பிறகு என்னை விட்டுவிட்டுத் துஷியைப் பார்த்தாள்.

“இன்னா, படிக்கிறேன்னு சொல்லிட்டு பாதியில எங்கனா ஓடிப் பூடுவியா?”

“ஓடுறதுக்கு எனக்கு வேற இடம் இல்ல அன்ரி.”

ஸ்டெல்லா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியிடம் தராசைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கையைக் கழுவி, வீட்டுக்குப் போய் ஆதார் அட்டையோடு வந்தாள். சேலை மாற்றவில்லை. மாற்றினால் நாலு மணி ஆகிவிடும் என்றாள்.

3.35. விடுதி அலுவலகத்தில் மின்விசிறி சுழல, அறை முழுக்க மெரினா வாசம். காப்பாளர் அட்டையைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், துஷியைப் பார்த்தார். பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

“பெரியம்மான்னு எழுதிக்கோமா” என்றாள் ஸ்டெல்லா. “காச்சல் வந்தா எனக்கு போன் போடு. பத்து நிமிசத்துல நிப்பேன். ஞாயித்துக்கெயம சோறு எங்கூட்ல.”

காப்பாளர் எழுதினார். ஸ்டெல்லா கீழே கையெழுத்துப் போட்டாள். துஷி பெட்டியையும் வாளியையும் பாயையும் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லை. அழுதது நான்தான்.

திரும்பும் ரயிலில் ஸ்டெல்லா செதில் சீவிக் கொடுத்தனுப்பிய பாரைமீன் பொட்டலம் என் மடியில். நல்ல கூட்டம், ஆனாலும் எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்து வந்தேன்.

இரவு 7.20. தாமதமாக வர முதல் நாளே அனுமதி வாங்கியிருந்தேன். முகாம் கதவருகே ராணியக்கா நின்றிருந்தார். மன்னார்க் கரையில் பிறந்தவர்; இங்கே வந்தபின் கடலைப் பார்த்ததில்லை. யாரிட்ட விட்டிட்டு வந்தனீ என்றார். பெஞ்சு, பட்டப்பெயர், பெரியம்மா எல்லாம் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. பொட்டலத்தை வாங்கி, விளக்குக் கம்பத்துக்கு அடியில் போய்ப் பிரித்தார். செவுளை விரலால் நீக்கிப் பார்த்தார். வயிற்றுக்குள் விரலை ஓட்டினார். வால் வரை தடவினார்.

“ஒரு செதில் விடேல்ல. கவனமான கைதான்” என்றார். பொட்டலத்தை மறுபடி மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உலை வைக்க வீட்டுக்கு நடந்தார்.