பிளாட்பாரத்தில் முந்திரிக்கொத்து

ஐந்தாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. அதில் எனக்கு இருந்த நேர்மையைக் கேட்டால் சிரிப்பீர்கள், என் உயிர்த்தோழியின் பெயரையே மூன்று தடவை எழுதியிருக்கிறேன். கல்லூரிக்குப் போகிற இந்த வயதில் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த நேர்மையால் எங்கள் வீட்டு நல்ல காரியம் ஒன்று கெட்டுப்போகப் பார்த்தது. கெடாமல் காத்தவளுக்கு நான் இன்றுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

அம்மாவின் ஒரே தங்கையான என் சித்தி, சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். அம்மாவின் அப்பாவை நாங்கள் பாட்டா என்போம். அவர் ஊரான பூதப்பாண்டியில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவள் இந்தப் படி ஏறக் கூடாது, அவள் வீட்டுப் படி ஏறுகிறவர்களும் இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக அவள் இந்தப் படியும் ஏறவில்லை, நாங்கள் அந்தப் படியும் ஏறவில்லை. அப்போதுதான் சித்திக்கு ஏழாம் மாதம் என்று தகவல் வந்தது. ஏழாம் மாதம் தாய்வீட்டுப் பலகாரத்தைத் தாய் கையால் பிள்ளைத்தாச்சிக்கு ஊட்ட வேண்டும். பெற்றவள் உயிரோடு இல்லை என்பதால் அந்தக் கை அம்மாவின் கைதான். அம்மாவுக்கோ பெற்ற தகப்பனிடம் பொய் சொல்ல வராது. ஒரு வாரம் அழுது தீர்த்தாள்.

வழி கண்டுபிடித்தது அப்பா. சித்தி குடியிருந்தது துறைமுகத்தை ஒட்டிய பழைய சென்னையில், இரும்புக் கடைகளும் பேப்பர் கடைகளும் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில். அந்தத் தெருக்களுக்கு அடியிலேயே புதிதாக ஒரு மெட்ரோ ஸ்டேஷன் திறந்திருந்தார்கள்.

"ஸ்டேஷன் அவ வீடா? இல்ல. உங்க அப்பா வீடா? அதும் இல்ல. பொறவு என்ன?" என்றார் அப்பா.

பிள்ளைக்கு மெட்ரோ காட்டப் போகிறோம் என்று பாட்டாவிடம் சொல்லப்பட்டது. அது பொய்யும் இல்லை பாருங்கள். நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

லாட்ஜிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினோம். மேலே மூட்டை ஏற்றிய வண்டிகளும் ஹாரன் சத்தமும் காரை பெயர்ந்த பழங்காலக் கட்டடங்களும். படியிறங்கிப் போனால் ஏசி குளிர், முகம் பார்க்கிற மாதிரி தரை. அப்பா எங்கள் இருவருக்கும் டோக்கன் வாங்கிக் கொடுத்துவிட்டு மேலே டீக்கடைக்குப் போய்விட்டார். அக்கா தங்கை அழுகிற இடத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பார்.

பைகளைச் சோதிக்கும் இடத்தில் சீருடை போட்ட ஓர் அக்கா எங்கள் பலகார டின்னைத் திறக்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது என்றாள். அம்மா பலமாகத் தலையாட்டினாள். நான் சுவரில் இருந்த போர்டையும் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டேன்.

சித்தி முன்பே வந்து பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "என்னட்டி இப்பிடி மெலிஞ்சு போய்ட்ட?" என்றாள். எனக்கென்னவோ அவள் முழுப் பூசணிக்காயை விழுங்கியவள் மாதிரிதான் தெரிந்தாள். வண்டி வந்தது. கண்ணாடிக் கதவுகள் திறந்து மூடின, வண்டி போய்விட்டது. அடுத்ததில் போகலாம் என்றாள் அம்மா. அடுத்ததும் போனது, அதற்கடுத்ததும் போனது. என் வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது.

அப்போதுதான் அம்மா டின்னைத் திறந்தாள். சிறுபயறும் தேங்காயும் வெல்லப்பாகில் உருட்டி, மும்மூன்றாக ஒட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. ஓர் உருண்டையைப் பிய்த்துச் சித்தியின் வாயில் வைத்தாள். சித்தி மென்றுகொண்டே அழுதாள். நான் விறுவிறுவென்று நடந்தேன். அந்த அக்கா கீழே வந்து பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருந்தாள். அங்கே ரெண்டு பேர் சாப்பிடுகிறார்கள் என்று விரல் நீட்டிக் காட்டினேன். அதில் ஒருத்தி என் அம்மா என்று சொல்லவில்லை. லீடருக்கு அதெல்லாம் கணக்கில்லை.

அவள் வருவதைப் பார்த்ததும் அம்மா டின்னை முந்தானைக்குள் மறைத்தாள். சித்தி விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது.

"வேற எடம் இல்ல மேடம்," என்றாள். "தாய் இல்லாத பிள்ள. நாந்தான் குடுக்கணும்."

அந்த அக்கா சித்தியின் வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?"

"ஏழு."

அவள் ஒரு தடவை மேலே கேமரா இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சிந்தாம சாப்புடும்மா. நான் நிக்கிறேன்."

மூன்று உருண்டையும் தீரும்வரை அசையாமல் நின்றாள். டோக்கனோடு உள்ளே இருக்கக்கூடிய நேரம் முடியப் போகிறது, வெளியே போய்விடுங்கள் என்று அவளேதான் சொன்னாள். போகும்போது என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். அம்மா டின்னை நீட்டியபோது, டூட்டியில் இருக்கிறேன் என்று மறுத்துவிட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள். எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பூதப்பாண்டிக்குப் போனோம். பாட்டா கேட்டால் மெட்ரோ பார்த்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தார். பாட்டா கேட்டார். பார்த்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனத்தாங்கல் அடங்கவில்லை. பார்த்ததோடு சரி, ஏறவே இல்லை, சித்தியும் அம்மாவும் பெஞ்சை விட்டு எழும்பினால்தானே என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா தரையைப் பார்த்தார். பாட்டா குனிந்து, என்னிடம் மட்டும் கேட்டார்.

"தின்னாளாட்டி?"

"மூணு தின்னா பாட்டா. அங்கன தின்னப்பிடாது. போர்டே வச்சிருக்கு."

"போர்டு கெடக்கட்டு," என்று சொல்லிவிட்டு, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார்.

எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. ஊரிலேயே கண்டிப்பான ஆள் என்று நான் நம்பியிருந்த மனுஷன், ஒரு விதியை இவ்வளவு லேசில் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று.