சித்தப்பாவின் காலில் பூசிய களிம்பு

எங்கள் சித்தப்பாவுக்கு மேசன் வேலை. வருடம் முழுவதும் சீமெந்துக் கலவையில் நின்றதில் இரண்டு குதிகாலும் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். கட்டிலில் காலை நீட்டினால் விரிப்பில் நூல் இழுபடும். அந்தக் காலோடுதான் அவர் அந்த வருடம் மாத்தளை அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக நேர்ந்திருந்தார். சித்திக்கு அப்போது ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இரண்டு விஷயமும் எனக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒன்பது வயதில் தெரியவில்லை.

உக்குவளையில் ஒரே வீட்டில் எல்லோரும் இருந்தோம். விரதம் தொடங்கியதும் அம்மா சட்டி பானையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். முட்டை வாசல்படி தாண்டக்கூடாது, கடைச் சாப்பாடு கூடாது என்று ஏகப்பட்ட சட்டம். யாரும் கேட்காமலே வேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் பிள்ளை நான். என் பங்குக்குச் சித்தப்பாவின் காலைச் சுகமாக்குவது என்று முடிவு செய்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்த முஸ்லிம் சிநேகிதிக்கு விரலெல்லாம் வெடித்து இரத்தம் கசியும். திடீரென்று ஒரு மாதத்தில் கை பூப்போல ஆகிவிட்டது. அவளுடைய உம்மா போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்த களிம்பாம், கடைக் கிரீம்போல இல்லையாம், எல்லாம் இயற்கையாம். கெஞ்சிக் கேட்டேன். ஜேம் போத்தலில் கொண்டுவந்து தந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது, கராம்பு வாசம் அடித்தது. எதில் செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு கிழமை, பின்னேரம் தோறும் சித்தப்பாவின் காலை மடியில் வைத்துத் தேய்த்தேன். வெடிப்பு மூடிக்கொண்டே வந்தது. சித்தி என்னை டொக்டரம்மா என்று கூப்பிட்டாள். சித்தப்பா வருவோர் போவோருக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினார்.

தீமிதிக்கு முதல் நாள், போத்தல் முடிந்துவிட்டதென்று சிநேகிதியிடம் சொன்னேன்.

"இப்ப இல்ல. உம்மா இறைச்சிக் கடையில சொல்லி வச்சீக்கி. மாட்டுக் கொழுப்பு கிடைச்சாத்தான் உருக்கேலும்" என்றாள்.

அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் காது அடைத்துப்போயிற்று. முட்டைக்கே அனுமதியில்லாத வீட்டில் ஒரு கிழமையாக நான் மாட்டுக் கொழுப்பைப் பூசியிருக்கிறேன். அதுவும் நெருப்பில் இறங்கப்போகிற காலில். அம்மன் சும்மா விடுவாளா? கண்ணை மூடினால் சித்தப்பாவின் கால் கருகித் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டி மாத்திரை தந்தாள்.

அன்று பின்னேரம் தேங்காய்த் தும்பும் சவர்க்காரமும் எடுத்து அவர் காலைத் தேய் தேய் என்று தேய்த்தேன். "தோல உரிச்சிறாத புள்ள" என்று சிரித்தார். எவ்வளவு தேய்த்தும் குதிகாலின் மினுமினுப்புப் போகவில்லை.

மறுநாள் காலை மஞ்சள் வேட்டியோடு பைப்படியில் நின்றவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "சித்தப்பா, அந்த மருந்து மாட்டுக் கொழுப்பாம்."

அவர் காலைப் பார்க்கவில்லை. வாசலில் தலை வாரிக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்தார். வாளி நிரம்பி வழிந்தது. பைப்பை நான்தான் பூட்டினேன்.

"சித்திக்குத் தெரியுமா?"

"இல்ல. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"சரி. யார்கிட்டயும் சொல்லாத. ஒன் மேல தப்பில்ல."

அவ்வளவுதான், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. மாத்தளை போகும் பஸ்ஸில் யன்னல் ஓரம் கேட்டு அடம்பிடித்தேன். கோயில் வாசலில் ஐஸ்பழம் தின்றேன். என் பயத்தை முழுசாக அவர் தலையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்ற எண்ணமே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எல்லோரும் விறுவிறுவென்று நெருப்பைக் கடந்தார்கள். சித்தப்பா மட்டும் அடிமேல் அடி வைத்து நடந்தார். நடுவில் ஒரு கணம் நின்றேவிட்டார். பார்த்தவர்கள் என்ன பக்தி என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வருவது எதுவானாலும் தன் காலோடு போகட்டும் என்று அவர் நின்றிருக்கிறார். அது எனக்கு விளங்கியது வளர்ந்த பிறகுதான்.

முடிந்ததும் ஓடிப்போய் உள்ளங்காலைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. நான் துள்ளினேன். அவரும் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. களைப்பு என்று அம்மா சோடா வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு மூன்று மாதம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கிளினிக் நாளென்றால் வேலையைப் போட்டுவிட்டுச் சித்தியோடு போனார். சித்தி இருமினாலும் எழுந்து உட்கார்ந்தார். தகப்பனாகப் போகிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்றாள் அம்மா.

பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். "என்னாச்சு?" என்று வாசலில் கேட்ட அம்மாவைத் தாண்டி உள்ளே வந்தார். வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த என் முன்னால் குந்தினார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. கை காலெல்லாம் நல்லா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தம்பியா தங்கச்சியா?" என்று கேட்டேன்.

"அத நான் கேக்கவே இல்லையே" என்றார்.

பின்னால் நின்ற அம்மா சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.