காணாமல்போன ஷெரிப்பின் கேஸ்

பாரிஸின் லா சப்பலில் ஈழத்து அகதி விண்ணப்பக்காரர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுக்கும் ஒருவரைச் சந்தித்தேன். இஸ்திரி போட்ட சட்டை, காதில் சிவப்புப் பேனா. தேநீர்க்கடையின் மூலை மேசைதான் அலுவலகம். உலகமே காத்திருந்த ஓர் ஆராய்ச்சியையும் அங்கேதான் நடத்தினார்: நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கப் பாலைவனத்தில் குதிரையோடு காணாமல்போன ஒரு ஷெரிப்புக்கு, அதாவது ஊர்ப் பொலிஸ் அதிகாரிக்கு, என்ன நடந்தது?

எங்கள் ஆட்களுக்கு வைப்பதுபோலவே ஷெரிப்புக்கும் ஒரு கோப்பு வைத்திருந்தார். சாட்சிகள் முரண்பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு.

"மனிசிக்காரி திகதியை மாத்திச் சொல்லியிருக்கிறா. இஞ்சை எண்டால் கட்டாயம் றிஜெக்ட்தான்."

நல்லவேளை, ஷெரிப்பின் மனைவியான அந்த அம்மா பிரான்சில் அகதி அந்தஸ்துக் கேட்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "காணாமல்போன ஆக்களுக்கு எங்களிட்டை என்ன பஞ்சமே அண்ணை? உந்த வெள்ளைக்காரனைத்தான் தேடவேணுமோ?"

பேனாவை மூடினார். "என்ரை தமையனை வீட்டிலை வந்து கொண்டுபோனது ஆரெண்டு எனக்குத் தெரியும். வந்த வாகனமும் தெரியும். அதிலை ஆராய என்ன கிடக்கு?"

பிறகு பேனாவைத் திறந்து, ஷெரிப்பின் குதிரை எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கத் தொடங்கினார். அவ்வளவு கெட்டித்தனமாகக் கேள்வி கேட்ட நான், கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, அந்தக் குதிரையைத் தேடினேன்.